குன்றின்மேல் ஸ்லாவியக் கோட்டைக் குடியிருப்பு: ட்ஷ்சினிட்சாவில் எதை, எப்படிப் பார்ப்பது?

பயணப்பை:
கிராக்கோவிலிருந்து இரண்டு நாள் ஒதுக்கி, தென்கிழக்குப் போலந்தில் உள்ள ட்ஷ்சினிட்சா குன்றுக் கோட்டைக்குப் போகத் திட்டம். 8ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான ஸ்லாவிய மதிலையும் வீடுகளையும் அதே இடத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எது பழையது எது புதியது என்று எப்படிப் பிரித்தறிவது? கட்டுமான நுட்பம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் முழுவதும் படிப்பேன்.

கார்பாத்தியன்:
முதலில் இடம். யாஸ்வோ நகரத்திலிருந்து மேற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் ட்ஷ்சினிட்சா கிராமம். ரோப்பா ஆற்றின் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் குன்றுக்கு 'அரச மதில்கள்' என்று ஊரார் வைத்த பெயர் பல காலமாக உண்டு. அரசர் யாரும் அங்கே இருந்ததற்குச் சான்று இல்லை. மண்மேட்டின் பருமனைப் பார்த்து வைத்த பெயர் என்றே கொள்ளலாம். திறந்தவெளி அருங்காட்சியகம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது, க்ரோஸ்னோவில் உள்ள போட்கார்பாட்ஸ்கியெ அருங்காட்சியகத்தின் கிளை. விளம்பரப் பெயர் 'கர்பாட்ஸ்கா ட்ரோயா', அதாவது கார்பாத்திய டிராய்.

கிராக்கோவிலிருந்து யாஸ்வோ ஏறக்குறைய 150 கி.மீ. காரில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜெஷூஃபிலிருந்து வந்தால் 70 கி.மீ.தான், ரயில் பாதையும் உண்டு. யாஸ்வோவிலிருந்து கடைசித் துண்டுக்கு உள்ளூர்ப் பேருந்து அல்லது டாக்ஸி. வார இறுதியில் உள்ளூர்ப் பேருந்து மெலிந்துவிடும், திரும்பும் வண்டியின் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள். அங்குள்ள அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும், குளிர்கால நேரமும் வேறு. கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் நேர அட்டவணையைப் பார்த்துவிடுவது கட்டாயம்.

எட்டு ஹெக்டேர் பரப்பு. கீழே காட்சிக்கூடமும் மாதிரிக் கிராமமும், மேலே குன்றில் உண்மையான கோட்டையிடம். மூன்று மணி நேரம் குறைந்தபட்சம். பெரும்பாலானோர் கீழ்க் கிராமத்திலேயே இரண்டு மணி நேரத்தைச் செலவழித்துவிட்டுக் கால் களைத்துக் குன்றேறி, பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். இதைத் தலைகீழாக்குங்கள். காட்சிக்கூடத்தில் இருபது நிமிடம் குன்றின் மாதிரிப் படிமத்தை மட்டும் பார்த்துவிட்டு நேரே மேலே ஏறுங்கள். கிராமமும் கண்ணாடிப் பேழைகளும் கடைசியில்.

காலணி முக்கியம். களிமண் கலந்த நிலம், மழைக்குப் பின் சரிவுப் பாதை வழுக்கும், மரப் படிகள் ஈரத்தில் அதைவிட மோசம். தட்டையான அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டாம்.

மண்மதில்:
கார்பாத்தியன் சொன்ன வரிசைதான் சரி. அதற்கான காரணத்தையும் சொல்கிறேன்.

அந்தக் குன்றில் கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது மண் மட்டுமே. திரும்பக் கட்டிய மதில் 150 மீட்டர் அளவுக்கு உண்டு. அதன் மரம் அத்தனையும் நம் காலத்தில் வெட்டியது. ஆனால் ஸ்லாவிய மதில்களின் மொத்த நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம், சில இடங்களில் இன்றும் பத்து மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் புல் மூடிய மேடாக அது அப்படியே இருக்கிறது. படம் எடுப்பவர்கள் எல்லோரும் மர மதிலை எடுக்கிறார்கள். புல்மேட்டின் மீது நடக்கிறோம் என்றே பலருக்குத் தெரிவதில்லை.

மர மதிலுக்கு முன் நின்று, அதே கோடு எந்தப் பக்கம் மேடாகத் தொடர்கிறது என்று பாருங்கள். மேட்டின் வெளிப்பக்கச் சரிவு செங்குத்தாகவும் உட்பக்கச் சரிவு சாய்வாகவும் இருக்கும். காரணம், வெளிமுகத்தில் மரச்சுவர் நின்றது, பின்னால் மண் சாய்ந்தது. மரம் எரிந்தோ மக்கியோ போனதும் மண் முன்பக்கம் சரிந்து அகழியைப் பாதி நிரப்பியது. ஆகவே அகழி இன்று ஆழமற்ற பள்ளமாகத் தெரிந்தால், அன்றும் அப்படித்தான் இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த மதில்கள் எப்படி நிற்கின்றன? மேற்கு ஸ்லாவியப் பகுதியில் பரவலான முறைகள் இரண்டு. ஒன்று பெட்டி முறை: உருளைக்கட்டைகளை மூலையில் வெட்டிப் பொருத்தி, கூரையில்லாத அறைகள் போல வரிசையாகக் கட்டி, உள்ளே மண்ணும் கல்லும் கொட்டி இடித்து இறுக்குவது. மற்றொன்று அடுக்கு முறை: ஓர் அடுக்குக் கட்டை நெடுக்கில், அடுத்தது குறுக்கில், இடையே மண். அடுக்கு முறையில் மூலைப் பொருத்து தேவையில்லை, தச்சு வேலை குறைவு, ஆனால் மரம் மிக அதிகம் விழுங்கும். போலந்தின் மேற்குப் பகுதியான பெரும்போலந்தில் மூன்றாவதாக ஒன்று உண்டு: கட்டையின் நுனியில் கிளைக் கவையை விட்டுவைத்துக் கொக்கிபோல் அடுத்த கட்டையை இழுத்துப் பிடிக்கச் செய்வது. மண் முன்னே தள்ளுவதை அந்தக் கவை தடுக்கிறது.

அளவு புரிய ஒரு கணக்கு. அடி அகலம் 8 மீட்டர், மேல் அகலம் 4, உயரம் 3 என்று சிறிய மதிலாகவே வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 18 கன மீட்டர், ஏறக்குறைய 30 டன் மண். இரும்பு விளிம்பு பதித்த மரமண்வெட்டியால் ஓர் ஆள் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு கன மீட்டர் வெட்டிப் போடுவார் என்றால், மீட்டருக்கு 9 முதல் 12 ஆள்நாள். ஒரு கிலோமீட்டருக்கு 9,000 முதல் 12,000. மரம் வெட்டுவது, இழுத்து வருவது, மேலேற்றுவது இதில் சேரவில்லை. 200 பேர் இரண்டு மாதம் மண் மட்டுமே சுமக்க வேண்டும், அவ்வளவு நாளும் அவர்களுக்கு வேறு யாரோ சோறு விளைவிக்க வேண்டும். அந்தப் புல்மேடு ஒரு சமூகம் ஒன்றுகூடிச் செய்த உழைப்பின் அளவு. இந்த எண்ணங்களோடு அதன் மீது நடந்து பாருங்கள்.

நெடுவழி:
பிஸ்குபின் இதைவிடப் பெரியது, பெயர் பெற்றது, போஸ்னானிலிருந்து எளிதாகப் போகலாம். அதுவும் ஸ்லாவியக் கோட்டைதானே? அதைப் பார்த்தால் போதாதா?

வரகுமணி:
போதாது, நெடுவழி. பிஸ்குபின் ஸ்லாவியக் குடியிருப்பு அல்ல. அது ஸ்லாவியருக்கு வெகு முந்திய லூசேஷியப் பண்பாட்டைச் சேர்ந்தது. மதிலின் ஓக் மரங்கள் கி.மு. 738ஐ ஒட்டிய குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று மர வளையக் கணக்கு சொல்கிறது. 1933இல் அது வெளிப்பட்டபோது 'ஆதி ஸ்லாவியர்' என்று எழுதினார்கள், அன்றைய அரசியலுக்கு அது தேவைப்பட்டது. இன்றைய ஆய்வாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. மேலும் அது ஏரி நடுவே தாழ்ந்த தரை, குன்று அல்ல. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் இந்தக் கேள்விக்கு விடை அங்கே கிடையாது.

ட்ஷ்சினிட்சாவிலும் இதே குழப்பம் வரும், ஏனென்றால் அங்கே இரண்டு காலம் ஒரே குன்றில் அடுக்காக இருக்கிறது. கீழே வெண்கலக் காலம்: முதல் அரண் கி.மு. 2000க்குச் சற்று முன், பிறகு ஏறத்தாழ கி.மு. 1650 முதல் 1350 வரை தெற்கிலிருந்து வந்த ஒட்டோமானி-ஃப்யூசெஷபோன்யி பண்பாடு. 'டிராய்' என்ற பெயர் இந்தக் காலத்துக்கானது. பிறகு இரண்டாயிரம் ஆண்டு இடைவெளிக்குப் பின், 770களை ஒட்டி ஸ்லாவியர் அதே இடத்தில் தங்கள் கோட்டையைக் கட்டினார்கள். 1030 வாக்கில் அது எரிந்து முடிந்தது. ஆகவே ஒவ்வொரு வீட்டின் முன்னும், ஒவ்வொரு வாயிலின் முன்னும் பலகையைப் படித்து எந்தக் காலம் என்று உறுதிசெய்துகொண்டு உள்ளே போங்கள். வெண்கலக் கால வாயிலைப் படமெடுத்து 'ஸ்லாவிய வாயில்' என்று போடுகிறவர்கள் நிறையப் பேர்.

தச்சுப்பட்டறை:
வீடுகளைப் பற்றி நான். ஸ்லாவியக் கட்டை வீட்டின் அளவு சிறியது, உள்ளே நாலுக்கு நாலு மீட்டர் என்பது வழக்கமான அளவு. 20 செ.மீ. விட்டமுள்ள கட்டை, சுவர் உயரம் 2 மீட்டர் என்றால் பத்து வரி, நான்கு பக்கம், மொத்தம் 40 கட்டை. ஒவ்வொன்றும் மூலை நீட்டம் சேர்த்து 4.6 மீட்டர். பச்சை மரமாக ஒரு கட்டை சுமார் 120 கிலோ. மூன்று பேர் தூக்கி வைத்துவிடலாம். அறை ஏன் இந்த அளவோடு நிற்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: நீளம் கூடினால் எடை கூடும், கட்டை நுனிக்கு மெலிந்துகொண்டே போவதால் வரி மட்டம் கெடும். ஒரு வரியில் அடிப்பக்கம் இடது என்றால் அடுத்த வரியில் வலது என்று மாற்றி மாற்றி வைத்துச் சமன் செய்வார்கள். மூலையில் நின்று வெட்டுமுகங்களை எண்ணுங்கள், பெரியது சிறியது என்று மாறி மாறி வருகிறதா என்று தெரியும்.

அங்கேயே குனிந்து பொருத்தையும் பாருங்கள். கிண்ணம்போன்ற வெட்டு கட்டையின் மேற்புறம் இருக்கிறதா, அடிப்புறமா? மேற்புறம் வெட்டினால் வேலை எளிது, அடுத்த கட்டையைத் தூக்கி வைத்தால் உட்கார்ந்துவிடும். ஆனால் அந்தக் கிண்ணத்தில் மழைநீர் தேங்கும், மூலை முதலில் மக்கும். அடிப்புறம் வெட்டினால் கட்டையை இரண்டு மூன்று முறை புரட்டி அளவு பார்க்க வேண்டும், ஆனால் நீர் வழிந்துவிடும். மறுகட்டுமானங்களில் தச்சர் எதைத் தேர்ந்தார் என்பதைக் கறுத்துப்போன மூலைகளே காட்டிக்கொடுக்கும்.

கட்டைகளுக்கு இடையே பாசி திணிப்பது காற்றை அடைக்க. பச்சை மரத்தில் கட்டிய சுவர் உலரும்போது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு இறங்கும், 2 மீட்டருக்கு 6 முதல் 10 செ.மீ. கதவுநிலைக்கு மேலே அந்த அளவு இடைவெளி விட்டுப் பாசியோ துணியோ திணிக்காவிட்டால், சுவரின் எடை நிலையின் மீது உட்கார்ந்து கதவு திறக்காது. மறுகட்டுமான வீடுகளில் கதவு உரசுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கூரைக்கு நாணல் அல்லது கம்பு வகைத் தாள். இங்கே கம்பு என்பது ரை, நம் கம்பு அல்ல. சாய்வு 45 பாகைக்குக் குறையக் கூடாது, கனம் 25 முதல் 30 செ.மீ. அறுவடை இயந்திரத்தில் வந்த வைக்கோல் உதவாது, தாள் நொறுங்கிப்போயிருக்கும். கையால் அறுத்து, தாள் முறியாமல் கதிரை மட்டும் அடித்து எடுத்ததுதான் வேய முடியும். இன்றைய குட்டை ரகங்களில் தாளின் நீளமே போதாது.

பயணப்பை:
அருமை, நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டுக்குள் புகைபோக்கி இல்லை என்கிறார்கள், எப்படி வாழ்ந்தார்கள்? குழியில் இறக்கிக் கட்டிய வீடு என்று படித்தேன், அதுவும் இதுவும் ஒன்றா?

வரகுமணி:
வேறு வேறு. 6, 7ஆம் நூற்றாண்டில் ஸ்லாவியர் பரவிய நிலமெங்கும் காணப்படுவது சதுரக் குழிவீடு: பக்கம் மூன்று நான்கு மீட்டர், தரைக்குக் கீழே அரை முதல் ஒரு மீட்டர், ஒரு மூலையில் கல் அடுப்பு. கட்டை வீடும், வரிச்சு கட்டி மண் சாத்திய வீடும் பிறகு பெருகின. வடக்கு ஜெர்மனியில் க்ரோஸ் ராடனில் இந்த மாற்றத்தை ஒரே இடத்தில் பார்க்கலாம். முதல் கட்டத்தில் வரிச்சுச் சுவர் வீடுகள், அது அழிந்தபின் கட்டை வீடுகள். எவால்ட் ஷூல்ட் தலைமையில் 1973 முதல் 1980 வரை தோண்டினார்கள், 1987இல் திறந்தவெளி அருங்காட்சியகம் ஆயிற்று. அது ஏரிக்கரை, குன்று அல்ல, ஆனால் அங்குள்ள கோயில் கட்டடத்துக்காகவே போகலாம். தலை வடிவம் செதுக்கிய சுவர்ப்பலகைகள் ஈரமண்ணில் அப்படியே கிடைத்தன.

புகை: செக்கியாவில் ப்ரெஸ்னோ என்ற இடத்தில் இவானா ப்ளெய்னெரோவா பழைய ஸ்லாவிய வீடுகளைக் கட்டி, குளிர்காலத்தில் உள்ளே வசித்துப் பார்க்கும் சோதனை நடத்தினார், 1986இல் அதை வெளியிட்டார். இவ்வகை வீட்டில் புகை மேலெழுந்து கூரைக்கடியில் படலமாக நிற்கும், கதவு வழியும் முக்கோணச் சுவரின் திறப்பு வழியும் மெல்ல வெளியேறும். தரையோரம் காற்று தெளிவாக இருக்கும். ஆகவே உட்கார்ந்தும் படுத்தும் வாழும் வீடு அது. உள்ளே போனதும் நின்றுகொண்டே பார்க்காதீர்கள், அடுப்பு எரிந்தால் தாழ உட்காருங்கள். ஆற்றிலிருந்து எடுத்த ஈரக் கல்லில் அடுப்பு கட்டினால் முதல் தீயிலேயே வெடிக்கும், உலர்ந்த கல்லை மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும்.

அந்த அடுப்பில் வெந்ததில் முதன்மையானது பனிவரகு. ஆம், நம் ஊரில் விளையும் அதே பனிவரகுதான். அறுபது எழுபது நாளில் விளையும், நீர் குறைவாகக் கேட்கும், புதிதாகக் காடு வெட்டிய நிலத்துக்கு ஏற்றது. உமி நீக்க மர உரல், மாவாக்கத் திருகை. காட்சிக்கூடத்தில் திருகைக் கல்லைப் பார்த்தால் மேற்கல்லின் கைப்பிடிக் குழி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள்.

நெடுவழி:
திருத்தத்துக்கு நன்றி, வரகுமணி. ஜெர்மனியில் ராடுஷ் கோட்டையை யாரும் சொல்லவில்லையே. வெளியே பார்க்க மிக நேர்த்தி.

மண்மதில்:
வெளியே நேர்த்திதான், உள்ளே கான்கிரீட். 9, 10ஆம் நூற்றாண்டு வட்டக் கோட்டை அது, பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வருவதால் 1980களில் தோண்டி ஆய்ந்தார்கள், 2003இல் மறுகட்டுமானம் திறந்தது. மதிலின் உள்கூடு காட்சிக்கூடமாகிவிட்டது, மரமும் மண்ணும் மேலுறை. மதில் எப்படி நின்றது என்பதுதான் அதில் கற்க வேண்டியது, அதையே அகற்றிவிட்டு மதில் என்று காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தச்சுப்பட்டறை:
இதில் மண்மதிலோடு உடன்பட மாட்டேன். மண்ணைத் தாங்கும் மரமுகம் எத்தனை ஆண்டு நிற்கும்? பின்னாலிருந்து ஈரம், முன்னாலிருந்து வெயிலும் மழையும். ஓக் என்றால் பதினைந்து இருபது ஆண்டு, ஊசியிலை மரம் என்றால் அதில் பாதி. அதன்பின் மண்ணின் தள்ளலைத் தாங்காது. பார்வையாளர் நடமாடும் இடத்தில் மூன்று மீட்டர் மண் சரிந்தால் என்ன ஆகும்? உள்ளே ஒரு தாங்குசுவர் வைப்பது ஏமாற்று அல்ல, அதை மறைக்காமல் சொன்னால் போதும். ராடுஷில் அது ஒளித்துவைக்கப்படவில்லை.

மண்மதில்:
பாதுகாப்பு வாதம் நியாயம், ஏற்கிறேன். ஆனாலும் பதினைந்து ஆண்டில் மக்குவதுதான் அந்த மதிலைப் பற்றிய மிக முக்கியமான செய்தி. 770களில் கட்டியது 1030 வரை நின்றது என்றால், இருநூற்றைம்பது ஆண்டில் பன்னிரண்டு முதல் பதினேழு தலைமுறை மரம் மாறியிருக்க வேண்டும். அகழ்வுகளில் மதிலின் குறுக்குவெட்டு ஒரே சீராக இராமல், பழைய மதிலின் மீது புதியது சாய்ந்து கனத்துக்கொண்டே போவது இதனால்தான். முகம் சரியும், அதன்மேல் மண் போட்டு முன்னே புது முகம் எழுப்புவார்கள். கான்கிரீட் உள்கூடு இந்தக் கதையை அழித்துவிடுகிறது. குறைந்தது ஒரு ஐந்து மீட்டர் துண்டையாவது பழைய முறையிலேயே கட்டி, வேலி போட்டு, மக்கவிட்டுக் காட்டலாம்.

தச்சுப்பட்டறை:
அந்தக் கடைசி யோசனைக்கு முழு ஆதரவு.

பயணப்பை:
கம்பத்தின் அடியைத் தீயில் கருக்கி நட்டால் மக்காது என்கிறார்களே? அங்கே கருகிய கம்பங்களைப் பார்த்தால் அதுதானா?

தச்சுப்பட்டறை:
கருக்குவது மேல்தோலை மட்டும் காக்கும். உலரும்போது கம்பத்தில் வெடிப்பு விழும், கரித்தோலைத் தாண்டி உள்மரம் வரை போகும், அதன் வழி ஈரமும் பூஞ்சையும் நுழைந்துவிடும். கம்பம் மக்குவது ஆழத்தில் அல்ல, தரைமட்டத்தில். அங்கேதான் ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. மறுகட்டுமான வீட்டில் கம்பத்தைத் தரையோரம் விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் இருப்பது உண்டு, ஒரு சாண் மேலே கல்போல் இருக்கும். அகழ்வாளருக்குக் கிடைப்பது தரைமட்டத்துக்குக் கீழே உள்ள நிறம் மாறிய வட்டம் மட்டுமே. கம்பம் எவ்வளவு உயரம், கூரை என்ன வடிவம் என்பதெல்லாம் அந்த வட்டத்திலிருந்து ஊகித்தது.

இன்னொன்று: அன்றாடம் அடுப்பெரியும் வீட்டில் புகையே கூரையைக் காக்கும், பூச்சி அண்டாது, தாள் உலர்ந்திருக்கும். அருங்காட்சியக வீட்டில் விழா நாளில்தான் தீ. ஆகவே கூரையின் வடபுறம் பாசி படர்ந்து, முகடு முதலில் போகும். 'அன்றைக்கும் இப்படித்தான் பாழாகக் கிடந்தது' என்று எண்ண வேண்டாம், அன்றைக்கு ஆள் வசித்தார்கள்.

பயணப்பை:
770 என்று அவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறார்கள்?

மண்மதில்:
மர வளையம். மதிலில் கருகியோ ஈரத்திலோ மிஞ்சிய கட்டையின் வளைய அகல வரிசையை, ஏற்கெனவே ஆண்டு தெரிந்த தொடரோடு பொருத்துவது. பட்டைக்கு அடியில் உள்ள கடைசி வளையம் இருந்தால் வெட்டிய ஆண்டே கிடைக்கும். ஓக்கில் வெளிப்புற வெண்மரம் மக்கிப்போயிருந்தால் அதன் வளையங்களை மதிப்பிட்டுத்தான் சேர்க்க வேண்டும், அப்போது பத்து இருபது ஆண்டு முன்பின் ஆகும். பழைய வீட்டு மரத்தைப் பிரித்துப் புது மதிலில் போட்டிருந்தால் தேதி முந்திக் காட்டும், ஆகவே ஒரு கட்டையை வைத்து முடிவு சொல்வதில்லை. பலகையில் 'ஏறத்தாழ' என்ற சொல் இருந்தால் அதை மதியுங்கள்.

கார்பாத்தியன்:
காட்சிக்கூடத்தில் தவறவிடக் கூடாதது வெள்ளிப் புதையல், 600க்கும் மேற்பட்ட வெள்ளிப் பொருள்கள். தோண்டலில் கிடைத்தவை மொத்தம் 1,60,000ஐத் தாண்டும், பெரும்பகுதி பானை ஓடுகள். 8, 9ஆம் நூற்றாண்டுப் பானைகளில் சீப்பால் இழுத்த அலைக்கோடு வரும், விளிம்பு மட்டும் சக்கரத்தில் திருத்தியதா முழுதும் சுற்றியதா என்று பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்தால் தெரியும்.

இரண்டாம் நாளுக்கு: க்ரோஸ்னோவுக்கு அப்பால் ஹாசூஃப், யாஸ்வோவுக்கு மேற்கே பினரோவா, இரண்டிலும் மரக்கட்டைத் தேவாலயங்கள், 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. ஹாசூஃபின் கட்டைச் சுவர் 15ஆம் நூற்றாண்டினது. தச்சுப்பட்டறை சொன்ன மூலைப் பொருத்துகளை அங்கே ஒப்பிடலாம். அடிக்கட்டை மண்ணைத் தொடாமல் கல்லின் மீது இருப்பதும், மரஓட்டுக் கூரை சுவரைத் தாண்டி அகலமாக நீண்டிருப்பதும்தான் அந்த மரத்தை இத்தனை நூற்றாண்டு நிறுத்தியிருக்கின்றன.

கிராக்கோவில் ஒரு மணி நேரம் இருந்தால் தொல்லியல் அருங்காட்சியகம். கனோனிச்சா தெருவில் 1979இல் 4,212 கோடரி வடிவ இரும்புப் பாளங்கள் ஒரே குழியில் கிடைத்தன, எடை 3,630 கிலோ. வெட்டப் பயன்படாத மெல்லிய தகடு அவை, பணம்போலக் கைமாறியவை. மதில் கட்டிய 200 பேருக்குச் சோறு போட்டது யார் என்று மண்மதில் கேட்டாரே, அதை நினைத்துக்கொண்டு அந்தக் குவியலைப் பாருங்கள்.

மாதம் என்று கேட்டால் மே இறுதி அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் விழாக்கள் நடக்கும், வீடுகளில் அடுப்பு எரியும், ஆனால் கூட்டம். மண்மேடு தெளிவாகத் தெரிய வேண்டுமானால் இலையுதிர்ந்த அக்டோபர் பிற்பகல் நல்லது, சாய்ந்த வெயிலில் அகழியின் கோடு நிழலாக விழும். புல் உயர்ந்த ஜூனில் அது கண்ணுக்கே படாது.

பயணப்பை:
அக்டோபர் முதல் வாரம், செவ்வாய் அல்லது புதன் என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் குன்று, பிறகு கிராமம், கடைசியில் வெள்ளி. மறுநாள் ஹாசூஃப். மூலைப் பொருத்துகளையும், அகழிப் பக்கச் சரிவையும் படமெடுத்து இங்கேயே இடுகிறேன். எது மேல்வெட்டு, எது அடிவெட்டு என்று தச்சுப்பட்டறை பார்த்துச் சொல்ல வேண்டும்.

தச்சுப்பட்டறை:
கட்டாயம். மூலையை நேரே எடுக்காதீர்கள், கட்டை முனைக்குக் கீழிருந்து மேல்நோக்கி எடுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு கைக்குட்டையோ அளவுகோலோ இருக்கட்டும்.